பால் காய்ச்சாத வீடு

கரமனை, திருவனந்தபுரம்
12-6-2024

அன்புள்ள தங்கச்சி சரோஜத்துக்கு,

அண்ணன் தாணுலிங்கம் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன். அந்த ஒருவன் சௌக்கியம். பூதப்பாண்டியில் நீயும் மாப்பிள்ளையும் செல்வகணேஷும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? நாகர்கோவிலில் கண் ஆபரேஷன் செய்த மாப்பிள்ளையால் இப்போதும் சிரமம் இல்லாமல் பேப்பர் படிக்க முடிகிறதா?

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பாய். இனிமேல் அனூப்பின் டீக்கடைக்கு எழுத வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

சரோஜம், நான் நாலு வருஷமாக ஓட்டலில் வேலை பார்க்கவில்லை. கொரோனா சமயத்தில் ஓட்டலை மூடினவர்கள் பிறகு திறக்கவே இல்லை. அந்த ஓட்டல் மாடியில்தான் இருபத்திரண்டு வருஷம் படுத்திருந்தேன். வேலை போன அன்றைக்கே படுக்கையும் போயிற்று. அதன் பிறகு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன். வேலைக்கு இல்லை, படுக்க. எதிரே அனூப்பின் கடையில் கிளாஸ் கழுவிக் கொடுப்பேன், அவன் சாப்பாடு தருவான், உன் கடிதத்தையும் வாங்கி வைப்பான். புது முதலாளி தங்கமானவர், எனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் எழுதினேனே, அதெல்லாம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது. ஊருக்கு வந்திருக்கலாம்தான். அறுபதை நெருங்கும் ஆள் ரெக்சின் பையோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்க வெட்கமாக இருந்தது.

இங்கே ஒரு டிரஸ்ட் இருக்கிறது. தெருவில் கிடப்பவர்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு கூடத்தில் அடைக்கிற கூட்டம் இல்லை. குடிக்கிறாயா, வேலைக்குப் போவாயா என்று மார்க் போட்டுப் பார்த்து வீடு தருகிறவர்களும் இல்லை. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்பது அவர்கள் முறை. அதில் விஜயலக்ஷ்மி அம்மா என்று ஒருத்தர், கரமனை அக்ரஹாரத்துக்காரர். ஏழு மாசம் செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். நான்தான் நம்பவில்லை. கடைசியில், "சாவிய மொதல்ல கையில வாங்கிக்கோங்கோ, பாக்கியெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்" என்றார். போன திங்கட்கிழமை வாங்கிக்கொண்டேன். உனக்கு உண்மையை எழுதச் சொன்னதும் அவர்தான்.

ஆற்றுக்குப் போகும் வழியில் ஸ்ரீகுமார் என்பவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. ஓரத்தில் சமையல் மேடை, தனிக் குளியலறை, முன்னால் சின்ன வராந்தா. டிரஸ்டில் கேஸ் அடுப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இன்னும் பால் காய்ச்சவில்லை. நம் அப்பா வீடு கட்டினபோது அத்தை வந்துதான் பால் காய்ச்சினாள், உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நீ ஒருத்திதான். ஆனி முடிவதற்குள் ஒரு நாள் வா. காலையில் பஸ் ஏறினால் பால் காய்ச்சி, மத்தியானம் சாப்பிட்டு, விளக்கு வைக்க வீட்டுக்குப் போய்விடலாம்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பார்க்க ஒரு வாசல் இருக்கிறது.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

பூதப்பாண்டி
28-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சரோஜம் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் கிடைத்தது.

இங்கே நல்ல மழை. குளம் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. மருமகளுக்கு ஆறாவது மாசம், வாந்தி நின்றுவிட்டது. இவர்கள், உங்கள் மாப்பிள்ளை, கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார்கள். செல்வகணேஷுக்கு வேலை அதிகம், ராத்திரிதான் வருகிறான்.

அண்ணன், வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் புகையில் நின்றால் உங்களுக்கு இருமல் வருமே, ஓட்டலில் ஜன்னல் பக்கமாக நிற்கப் பாருங்கள். பால் காய்ச்சுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பார்க்கலாம்.

இவர்களும் செல்வகணேஷும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
சரோஜம்

*

கரமனை
4-7-2024

அன்புள்ள சரோஜத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளம் நிறைந்ததும் மருமகளுக்கு வாந்தி நின்றதும் படித்துச் சந்தோஷம்.

உனக்கு எழுதின கடிதத்தில் முதல் பக்கம் வழியில் தொலைந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, ஒரே தாளில்தான் இரண்டு பக்கமும் எழுதினேன். எந்த ஓட்டலில் நான் ஜன்னல் பக்கமாக நிற்பது, சொல்லு பார்ப்போம்.

உனக்குக் கோபம் இருக்கும். நாலு வருஷம் பொய் எழுதினவன் மேல் கோபம் வராமல் இருக்குமா. திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது. சின்ன வயசில் உன் ரிப்பனை எடுத்துப் பம்பரத்துக்குச் சுற்றியதற்கு நாலு நாள் பேசாமல் இருந்தாயே, அதைப் போல மட்டும் இருக்காதே. அப்போதாவது ஒரே வீட்டில் இருந்தோம்.

ஆனி முடியப் பத்து நாள்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டு ஒரு நாள் குறித்து எழுது. காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன். அந்த இடத்தில் எனக்கு வழி நன்றாகத் தெரியும்.

பிள்ளைத்தாச்சியை வெயிலில் அலைய விடாதே. மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

பூதப்பாண்டி
19-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் நலத்தைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் எங்கேயோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். ஆவணியில் மருமகளுக்கு வளைகாப்பு வைக்க வேண்டும், ஆளாளுக்கு ஓடுவோம். புரட்டாசியில் யாரும் புது வீடு போவதில்லை. ஐப்பசியில் அவளுக்குக் கைக்குழந்தை. எப்போது முடிகிறது என்று பார்க்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பேச்சே வேண்டாம் அண்ணன்.

மழையில் நனையாதீர்கள். தலைக்கு எண்ணெய் வையுங்கள்.

இப்படிக்கு,
சரோஜம்

*

கரமனை
27-7-2024

அன்புள்ள சரோஜத்துக்கு,

தலைக்கு எண்ணெய் வைத்தாயிற்று. அதனால் சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

நீ ஐப்பசி வரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். கார்த்திகையையும் மார்கழியையும் ஏன் விட்டாய் என்று தெரியவில்லை. சரி, அது இருக்கட்டும். இங்கே நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன்.

டிரஸ்டில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். வாரா வாரம் வந்து கேட்டு எழுதுவார்கள். கட்டிலில் படுக்கிறாரா, இல்லை. அடுப்பு உபயோகிக்கிறாரா, இல்லை. பால் காய்ச்சாத வீட்டில் எதை உபயோகிக்க? மூன்று வேளையும் அனூப் கடைக்கும் பக்கத்து மெஸ்ஸுக்கும்தான் நடக்கிறேன். மூன்று வாரம் 'இல்லை' என்று எழுதினதும் ஆபீசில் யாரோ இந்த மனுஷனுக்குச் சமைக்கத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன புதன்கிழமை ஷில்பா என்று ஒரு பெண் வந்தாள். படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், மலையாளத்துக்காரி. கையில் அரை கிலோ அரிசியும் ஒரு பாத்திரமும். எனக்குச் சோறு பொங்கச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.

"அங்கிள், ஆத்யம் அரி நல்லா கழுகணும், கேட்டோ. மூணு வட்டம்" என்றாள், அரிசியை மூன்று தடவை கழுவ வேண்டுமாம். நான் தலையை ஆட்டினேன். "பின்னெ வெள்ளம் இத்தனை" என்று தண்ணீர் அளவுக்கு விரலை வைத்துக் காட்டினாள். ஒரு முகூர்த்தத்துக்கு எண்ணூறு இலைக்கு வடித்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும் என்று சொல்ல மனசு வரவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோதுதான், "மக்கா, இன்னைக்கு வேண்டாம்" என்று தடுத்தேன். படிவத்தில் 'அடுப்பைக் கண்டால் பயப்படுகிறார்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

படுப்பது வராந்தாவில்தான். பையை இன்னும் பிரிக்கவில்லை. மழை பெய்தால் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்வேன். வீட்டுக்கார ஸ்ரீகுமார் காலையில் வந்து, "அண்ணாச்சி, இத்தற மழையில அகத்துக் கேறிக் கிடந்தா எந்தா? ரூம் உங்களதல்லே?" என்று கேட்கிறார், உள்ளே ஏறிப் படுத்தால் என்ன என்று. நல்ல மனுஷன். ஆடி போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ ஆவணியில் வா. அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

கரமனை
14-8-2024

அன்புள்ள சரோஜத்துக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மருமகள் நலம்தானே? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தம்பானூரில் பிச்சம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், திருநெல்வேலிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்து, புருஷன் செத்து, ரயில்வே ஸ்டேஷன் வாசலிலேயே தங்கிவிட்டவள். நான் குளிக்கப் போனால் என் பைக்கு அவள் காவல், அவள் போனால் அவள் மூட்டைக்கு நான். டிரஸ்ட் வரிசையில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. நேற்று அவளைப் பார்த்தேன். காலில் புண். இந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. நான் வராந்தாவில்தானே கிடக்கிறேன், அப்படி எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம்.

வருவது கஷ்டம் என்றால் விட்டுவிடு. வராவிட்டாலும் இரண்டு வரி போடு.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

கரமனை
21-8-2024

திருமதி சரோஜம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் பெயர் விஜயலக்ஷ்மி. உங்கள் அண்ணாவுக்கு அறை ஏற்பாடு செய்த டிரஸ்டில் வேலை செய்கிறேன். எங்கள் படிவத்தில் 'வேண்டப்பட்டவர்' என்ற இடத்தில் அவர் ஒரே ஒரு பெயர்தான் எழுதினார். அது உங்கள் பெயர். அந்த உரிமையில் எழுதுகிறேன். அவர் எழுத வேண்டாம் என்று சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதுகிறேன். தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் எங்களிடம் ஒரு தவணை. செப்டம்பர் பத்தாம் தேதி ஆபீசிலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்போம். அறையில் அவர் வாழ்கிறார் என்றால் அது அவருக்கு நிலையாகிவிடும், பிறகு யாரும் அவரை எழுப்ப முடியாது. வாழவில்லை என்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். எங்களிடம் பதினோரு அறைகள்தான் இருக்கின்றன. காத்திருப்பவர்கள் எண்பது பேருக்கு மேல். நான் அவருக்கு வேண்டியவள் என்பதற்காக வராந்தாவில் படுக்கிறவரை உள்ளே படுக்கிறார் என்று எழுத முடியாது.

வீடு கிடைத்த பிறகும் மறுபடி தெருவுக்கே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் உள்ளே படுக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். உங்கள் அண்ணா போன வாரம் அறையைப் பிச்சம்மாளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பயமாக இருந்தது.

நானே பால் காய்ச்சித் தருகிறேன் என்று சொன்னேன். "ஒங்க கை நல்ல கைதான் அம்மா. ஆனா எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றார். தவணை விஷயத்தை உங்களுக்குச் சொல்லட்டுமா என்றால், "வேண்டாம், அவளா வரணும். நெருக்கி வரவழைச்சா அது வந்ததா ஆகாது" என்கிறார்.

உங்களால் வர முடியாமல் இருக்கலாம். அதற்குக் காரணம் இருக்கும், நான் கேட்கவில்லை. வர முடியாதென்றால் அதையாவது அவருக்குத் தெளிவாக எழுதிவிடுங்கள். வருவாள் வருவாள் என்றுதான் அவர் வெளியே கிடக்கிறார்.

என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
விஜயலக்ஷ்மி

*

பூதப்பாண்டி
27-8-2024

அண்ணனுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. விஜயலக்ஷ்மி அம்மாவின் கடிதம் வந்தது. அவர் மேல் கோபப்படாதீர்கள். நாலு நாளாக அதை அரிசிப் பானையில் வைத்து, எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

இவர்களுக்குக் கண் ஆபரேஷன் செய்தது நான் உங்களுக்கு எழுதினது போல நாகர்கோவிலில் இல்லை, திருவனந்தபுரத்தில். 2022 கார்த்திகை மாசம். திரும்பி வரும்போது தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்றோம். பகல் பதினோரு மணி இருக்கும். இவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெள்ளம் வாங்கப் போனேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருந்தது. தலைக்கடியில் ரெக்சின் பை. கையில் முழங்கைக்குக் கீழே அந்த எண்ணெய்த் தழும்பு. தாடி வளர்ந்திருந்தது. ஆனாலும் என் அண்ணனை எனக்குத் தெரியாதா.

கூப்பிட வாயைத் திறந்தேன். பெஞ்சில் இவர்களுக்குப் பக்கத்தில் நம் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துவிடுவார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான், கூட்டிக்கொண்டு போனால் எங்கே படுக்க வைப்பது, மகன் என்ன சொல்வான் என்று நினைத்தேன். ஆனால் முதலில் நினைத்தது தெருக்காரர்களை. இதை மாற்றி எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

உங்கள் காலில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. முந்தானையால் விரட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இவர்களிடம் இன்று வரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். தெரியாதது போல இருந்தால் நடக்காதது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் இப்போது உண்மையை எழுதி, பால் காய்ச்ச வா என்கிறீர்கள். ஊரில் ஆயிரம் பேர் கையிருக்க, உங்களைத் தாண்டிப் போன கையால் உங்கள் வீட்டில் எப்படி அடுப்பு மூட்டுவேன்? அதனால்தான் ஆடி என்றேன், வளைகாப்பு என்றேன். இதுதான் விஷயம். இனி நீ வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் எனக்குப் புரியும். ஆனால் வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள் அண்ணன்.

சரோஜம்

*

கரமனை
30-8-2024

என் அன்பான சரோஜத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு, அழாமல் இதைப் படி.

அன்றைக்கு நான் தூங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ராத்திரி படுக்க விட மாட்டார்கள், விரட்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பகலில்தான் கண்ணை மூடுவது. அது நாய்த் தூக்கம், காது திறந்தே இருக்கும். "இங்கேயே இருங்க, வெள்ளம் வாங்கிட்டு வாறேன்" என்று ஒரு குரல் கேட்டது. உன் குரல் எனக்குத் தெரியாமல் இருக்குமா. கண்ணை ஒரு நூல் திறந்தேன். மெரூன் கலர்ச் சேலை, கையில் காலிப் பாட்டில். நீ என்னைப் பார்த்துவிட்டாய் என்று தெரிந்ததும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லை, முடியாது அண்ணன் என்று சொல்ல வேண்டும். இரண்டும் உன்னால் ஆகாது. அதனால் தூங்குகிறவனாகவே இருந்தேன். ஈ போனது எனக்குத் தெரியும். நாகர்கோவில் பஸ் புறப்பட்டதும் தெரியும்.

வருத்தம் இல்லையா என்றால் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்று அன்று பொழுது சாயும் வரை நினைத்தேன். ஆனால் அந்த ரெண்டு வருஷத்தில் என் பக்கத்தில் நின்று ஈ ஓட்டினவர் வேறு யாரும் கிடையாது. பிறகு உன் கடிதம் வந்தது, ஓட்டல் சாப்பாடு எப்படி என்று. சரி, இவளும் தூங்குகிறவளாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து நல்ல நாடகம் போட்டோம். எனக்கு அது ஒருவகையில் ஆறுதலாகத்தான் இருந்தது, இல்லாத முதலாளியைப் பற்றி எழுதவாவது ஒரு ஆள் இருந்ததே.

நீதான் வந்து பால் காய்ச்ச வேண்டும் என்று நான் அடம் பிடித்ததும் இதனால்தான். என்னைத் தூணடியில் பார்த்தவள் நீ. நீயே அடுப்படியிலும் பார்க்க வேண்டும். வேறு யார் வந்து பார்த்தாலும் எனக்கு அது கணக்கில் வராது.

நீ ஒளிக்காமல் எழுதினதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வராந்தாவில் படுப்பதற்குப் பால் மட்டும் காரணம் இல்லை. உள்ளே படுத்துக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. நாலு வருஷம் கதவில்லாமல் இருந்தவனுக்குக் கதவு பழக வேண்டியிருக்கிறது. இதை விஜயலக்ஷ்மி அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆவணிக்குள்தான் இருக்கிறது. உனக்கு மனசிருந்தால் வா. நான் பாலுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
தாணுலிங்கம்

*

பூதப்பாண்டி
3-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைப் பஸ்ஸுக்கு வருகிறேன். இவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார்கள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா நானே எழுப்பியிருப்பேனே" என்றார்கள். கூட வருகிறார்கள். இரண்டு நாளாக எனக்கு நல்ல தூக்கம்.

பால் பாத்திரம் வாங்க வேண்டாம். அப்பா வீட்டில் அத்தை பால் காய்ச்சின உருளி என்னிடம்தான் இருக்கிறது. கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சரோஜம்

*

கரமனை
12-9-2024

அன்புள்ள சரோஜத்துக்கு,

நீங்கள் இரண்டு பேரும் சிரமம் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மாப்பிள்ளையின் கண்ணாடிக் கூடு இங்கே ஜன்னலில் இருக்கிறது. அடுத்த தடவை வந்து எடுத்துக்கொள்ளட்டும், அனுப்ப மாட்டேன்.

பத்தாம் தேதி மூன்று பேரும் வந்தார்கள். விஜயலக்ஷ்மி அம்மா, ஷில்பா, இன்னும் ஒரு ஆபீசர். கட்டிலில் விரித்த படுக்கையைப் பார்த்தார்கள். பிரித்து ஆணியில் மாட்டின காலிப் பையைப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆபீசர் சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்கினார். ஷில்பா சோற்றைப் பிசைந்து பார்த்து, "அங்கிள், அரி கரெக்ட் வேவு. நான் சொன்னதுபோலத் தன்னெ செய்தல்லோ" என்று சோற்றுப் பதத்தை மெச்சினாள். ஞாயிற்றுக்கிழமை நீ பால் காய்ச்சி முடித்ததும் அவள் உனக்கும் அரிசி கழுவச் சொல்லிக் கொடுத்ததையும், நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டதையும் நினைத்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஜயலக்ஷ்மி அம்மாவுக்கும்தான். அடுப்பு உபயோகிக்கிறாரா என்ற இடத்தில் அவரே ஒரு பெரிய டிக் போட்டார். அறை இனி எனக்குத்தான். திருவோண லீவு முடிந்ததும் கையெழுத்து.

அனூப் தன் கடையில் காலையில் வடை போட வரச் சொல்லியிருக்கிறான். நாலு வருஷம் கிளாஸ் கழுவிய ஆளுக்கு வடை போட வரும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

பிச்சம்மாளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பார்த்துவிட்டார்கள். ஐப்பசியில் போகிறாள். "எனக்குப் பொறந்த வீட்டுல யாரும் இல்லையே, பாலு யாரு காச்ச?" என்று கேட்டாள். நான் வருகிறேன் என்றிருக்கிறேன். ஆம்பிளை பால் காய்ச்சலாமா என்று தெரியவில்லை, நீயும் சொல்லாதே. அந்த உருளியை நீ இங்கேயே விட்டுப் போனது நல்லதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உள்ளேதான் படுத்தேன். கதவைச் சாத்தவில்லை. திங்கட்கிழமை பாதி சாத்தினேன். நேற்று முழுக்கச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். காலையில் ஸ்ரீகுமார் வந்து கதவைத் தட்டித்தான் எழுப்பினார். மணி எட்டரை.

உங்களை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது நான் எங்கே நின்றேன் என்று கவனித்தாயோ என்னவோ. அதே தூண்தான். பஸ் நகரும்போது நீ ஜன்னலில் திரும்பிப் பார்த்தாய். வளைவில் மறைகிற வரைக்கும் நானும் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மருமகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள். பேரப்பிள்ளை பிறந்ததும் எழுது.

உன் அண்ணன்,
தாணுலிங்கம்